ஐ.டி. வேலையில் மனநிறைவு உண்டா?



சென்ற மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். வெளியூரில் ஒரு தனியார் பொறியியற் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைக்கும். ஆனால் வங்கியில் கடன் வாங்கவேண்டும். உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைக்கும், செலவு மிகக் குறைவு. இவற்றில் எதில் சேர்ப்பது என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சம்பளம் எவ்வளவு வரும்னு எல்லாரும் சொல்றாங்க சார். அந்த வேலைக்குப் போனா இவன் நிம்மதியா இருப்பானா? அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். ஒளியின் வேகம் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். நான் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை யோசிக்காமல் பதில் சொல்லித் தவறு செய்தவன் நான்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என் வகுப்பில் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு மாணவிக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கைத்தறி நெசவாளர் குடும்பத்துப் பெண். கணக்கில் கெட்டிக்காரி. "போகலாமா சார்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். "படித்த இயற்பியலைக் கிணற்றில் போட்டுவிட்டு, எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கப் போகிறாயா? எம்.எஸ்ஸி. சேர்" என்றேன். நல்லவேளையாக அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் தந்தையின் கடனை அடைத்தாள், தம்பியைப் படிக்கவைத்தாள். இன்று அவள் ஆர்வத்தோடு வேலை செய்கிறாள் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, என்னோடு எம்.எஸ்ஸி. படித்து 2000-ஆம் ஆண்டில் அதே துறைக்குப் போன என் நண்பன், பார்க்கும்போதெல்லாம் "நீ பிழைத்தாய்" என்கிறான். என்னைப்போல் மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறவன் சொல்லும் பேச்சு இது!

இரண்டு பேரை வைத்துக்கொண்டு விதி எதையும் எழுதிவிட முடியாது. ஆகவே முறையாகத் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மூன்று பாத்திரத் தண்ணீர்

மனநிறைவை அளக்க முடியுமா? தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பு வெப்பத்தை எப்படி அளந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொட்டுப் பார்த்து "சூடு", "குளிர்" என்று சொன்னார்கள். மனநிறைவைப் பொறுத்தவரை நாம் இன்றும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். "உங்கள் வேலையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளவேண்டியதுதான். இப்படி ஓர் ஊரில் வேலை பார்ப்பவர்களிடம் முறையாகக் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டு, 1935-இல் இதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டவர் ராபர்ட் ஹாப்பக் என்ற அமெரிக்கர்.

தொட்டுப் பார்த்துச் சொல்வதில் உள்ள சிக்கல் உங்களுக்குத் தெரிந்ததே. மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் சூடான நீர், ஒன்றில் குளிர்ந்த நீர், நடுவில் வெதுவெதுப்பான நீர். வலக்கையைச் சூடான நீரிலும் இடக்கையைக் குளிர்ந்த நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விடுங்கள். வலக்கை "குளிர்கிறது" என்னும். இடக்கை "சுடுகிறது" என்னும். தண்ணீரோ ஒன்றுதான்.

வேலை விஷயத்திலும் இதுவே நடக்கிறது. 1996-இல் ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் பிரிட்டனில் சுமார் 5,000 தொழிலாளர்களின் பதில்களை ஆராய்ந்தார்கள். ஒருவர் வாங்கும் சம்பளத்தின் அளவைவிட, தம்மைப் போன்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதே அவருடைய திருப்தியை அதிகம் பாதித்தது. ஒப்பிடப்படும் சம்பளம் கூடக்கூடத் திருப்தி குறைந்தது. இன்னொரு வேடிக்கை: சம்பளம் சமமாக இருந்தால், அதிகம் படித்தவர்களே குறைந்த திருப்தியோடு இருந்தார்கள். அதிகம் படித்தவன் கை சூடான நீரில் இருந்த கை!

என் மாணவி எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தாள், என் நண்பன் இப்போது எந்தப் பாத்திரத்தில் நிற்கிறான் என்று யோசித்தபோது எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. அவள் தறிக் குழியிலிருந்து வந்தவள். அவன் அமெரிக்காவில் குடியேறிவிட்ட தன் பழைய சகாக்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

கேள்வி மாறினாலும் பதில் மாறும். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2018-இல் பல நாட்டுப் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், மொத்தத்தில் தங்கள் வேலை தங்களுக்குத் திருப்தி தருவதாக 100-க்கு 90 பேர் சொன்னார்கள். ஆனால், "சமுதாயம் உங்கள் தொழிலை மதிக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றவர்கள் 100-க்கு 26 பேரே. இவற்றில் எதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வேலையை எடை போடுவது?

பட்டியல் சொல்வது என்ன?

இந்தக் குறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, தொழில்களை வரிசைப்படுத்திய ஓர் அறிக்கையைப் பார்ப்போம். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் 2007-இல் வெளியிட்டது இது. 1988 முதல் 2006 வரை 27,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுத் திரட்டியது. "எனக்கு மிகுந்த திருப்தி" என்று சொன்னவர்கள் மொத்தத்தில் 100-க்கு 47 பேர்.

முதலிடம் சமய குருமார்களுக்கு: 87 பேர். அடுத்து தீயணைப்பு வீரர்கள்: 80. உடற்பயிற்சி மருத்துவம் செய்யும் பிஸியோதெரபிஸ்டுகள்: 78. எழுத்தாளர்கள் 74, ஆசிரியர்கள் 69. கடைசியில் இருந்தவர்கள் யார்? கூரை வேய்பவர்கள், உணவு விடுதிப் பரிமாறுவோர், காசாளர்கள், பெட்டி கட்டும் தொழிலாளர்கள். இவர்களில் மிகுந்த திருப்தி என்றவர்கள் 100-க்கு 20 முதல் 30 பேருக்குள்தான்.

தீயணைப்பு வீரரை எண்ணிப் பாருங்கள். ஆபத்தான வேலை, நேரம் கெட்ட நேரத்தில் மணி அடிக்கும், சம்பளமும் பிரமாதம் இல்லை. ஆனாலும் இரண்டாமிடம். தாம் செய்த வேலையால் ஒருவர் பிழைத்தார் என்பதை அவர் அன்றே தம் கண்ணால் பார்க்கிறார். பட்டியலின் மேல்வரிசையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இப்படி இன்னொரு மனிதரோடு நேரே பழகி, அவருக்கு உதவுகிறவர்கள்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் எங்கே? முதல் பத்திலும் இல்லை; கடைசிப் பத்திலும் இல்லை. நடுவில் எங்கேயோ இருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. சொர்க்கம் என்பவர்களும் தவறு, நரகம் என்பவர்களும் தவறு என்றல்லவா ஆகிறது!

இதற்குப் பிறகு வந்த இரண்டு கணக்கெடுப்புகள் இன்னும் குழப்பின. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 1,300-க்கும் மேற்பட்ட சாஃப்ட்வேர் எழுதுவோரைக் கேட்டபோது அவர்கள் சராசரியாக ஓரளவு மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். ஆனால், புரோகிராம் எழுதுவோர் சந்தேகம் கேட்கக் கூடும் புகழ்பெற்ற இணையத்தளம் ஒன்று 2024-இல் நடத்திய கணக்கெடுப்பில் "மகிழ்ச்சி" என்றவர்கள் 100-க்கு 20 பேர்தான். 32 பேர் "இல்லை" என்றார்கள். மீதிப் பேர் "ஏதோ ஓடுகிறது" என்ற ரகம். ஒருவர் கேட்டது அந்தந்த வாரங்களின் மனநிலையை, இன்னொருவர் கேட்டது வேலையை. கேட்கப்பட்ட ஆட்களும் வேறு. இரண்டு தெர்மாமீட்டர்கள் வெவ்வேறு அளவுகோலில் காட்டும்போது அவற்றைக் கூட்டிக் கழிக்கக் கூடாது.

வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை வைத்துத் துறையை எடைபோடுவதும் ஆபத்தே. இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் 2022 மார்ச் வரையிலான ஓராண்டில் விலகியவர்கள் 27.7 சதவீதம். 2024 மார்ச்சில் அதே கணக்கு 12.6 சதவீதம். இரண்டே ஆண்டுகளில் ஊழியர்களின் மனநிறைவு இரண்டு மடங்காகிவிட்டதா என்ன? இல்லை. முன்பு வெளியே வேலைகள் கொட்டிக் கிடந்தன, பின்பு கிடைக்கவில்லை. கதவு பூட்டியிருந்தால் யாரும் வெளியே போவதில்லை. அதற்காக உள்ளே எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை.

சம்பளமும் செருப்பில் கல்லும்

சம்பளம் கூடினால் மனநிறைவு கூடுமா? 2010-இல் டிமதி ஜட்ஜ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதுபற்றி அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டார்கள். சம்பளத்துக்கும் வேலைத் திருப்திக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.15 என்று வந்தது. இரண்டு அளவுகள் முற்றிலும் சேர்ந்தே ஏறி இறங்கினால் இந்த எண் 1. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையென்றால் 0. இதன் வர்க்கத்தைக் கண்டுபிடியுங்கள்: 0.0225. அதாவது, மனிதருக்கு மனிதர் திருப்தியில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 2 சதவீதத்தை மட்டுமே சம்பள வேறுபாட்டோடு இணைக்க முடிகிறது.

இதைப் படித்துவிட்டு "பணம் ஒரு பொருட்டே இல்லை" என்று கடனில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் அவருடைய குழு சந்தித்து, "வேலையில் மிக நன்றாக உணர்ந்த சமயம் எது? மிக மோசமாக உணர்ந்தது எப்போது?" என்று கேட்டது. மோசமான சமயங்களைச் சொல்லும்போது நிர்வாகத்தின் விதிமுறைகள், மேலதிகாரி, சம்பளம், வேலையிடம் ஆகியவை வந்தன. நல்ல சமயங்களைச் சொல்லும்போது சாதித்தது, பாராட்டப்பட்டது, வேலையே சுவையாக இருந்தது, பொறுப்புக் கிடைத்தது ஆகியவை வந்தன. அதிருப்தியும் திருப்தியும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல, இரண்டு தனித்தனி அளவுகோல்கள் என்றார் ஹெர்ஸ்பெர்க். பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. நல்லது நடந்தால் "நான் செய்தேன்" என்றும், கெட்டது நடந்தால் "அவர்கள் கெடுத்தார்கள்" என்றும் சொல்வது மனித இயல்புதானே என்று மடக்கினார்கள். ஆனாலும் அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. செருப்புக்குள் கிடக்கும் கல்லை எடுத்தால் வலி நிற்கும். அதனாலேயே நடக்கும் பாதை அழகாகிவிடாது. என் மாணவியின் செருப்பில் பெரிய கல் இருந்தது. ஐ.டி. சம்பளம் அதை எடுத்தெறிந்தது. அதைச் சிறிய காரியம் என்று இனி நான் சொல்லமாட்டேன்.

ஒரு சூத்திரமும் ஒரு மின்சுற்றும்

இனி, பாதை. ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டம் என்னும் இருவர் 1970-களின் நடுவில் வேலையின் உள்ளமைப்பை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள். என்னைப் போன்ற இயற்பியல்காரனுக்குப் பிடித்த விதத்தில் ஒரு சூத்திரமும் கொடுத்தார்கள்.

முதல் கூறு, பலவகைத் திறமை: வேலைக்குப் பல திறமைகள் வேண்டுமா, ஒன்றையே திரும்பத்திரும்பச் செய்யவேண்டுமா? இரண்டாவது, முழுமை: ஒரு பொருளை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே செய்கிறீர்களா, யாரோ செய்யும் பொருளின் ஒரு துண்டையா? மூன்றாவது, முக்கியத்துவம்: உங்கள் வேலை பிறர் வாழ்வை எந்த அளவுக்குத் தொடுகிறது? நான்காவது, சுதந்திரம்: எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிப்பவர் நீங்களா? ஐந்தாவது, விளைவு தெரிதல்: நன்றாகச் செய்தீர்களா, இல்லையா என்பது வேலையிலிருந்தே உங்களுக்குத் தெரிகிறதா?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். முதல் மூன்றின் சராசரியை எடுத்து, அதை நான்காவதாலும் ஐந்தாவதாலும் பெருக்கவேண்டும். மிகக் குறைந்தது 1. மிக அதிகம் 343.

ஏன் மூன்றுக்குச் சராசரி, இரண்டுக்குப் பெருக்கல்? இதை ஒரு மின்சுற்றாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் பக்க இணைப்பில் உள்ள மூன்று பல்புகள். ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். கடைசி இரண்டும் தொடர் இணைப்பில் உள்ள இரண்டு சுவிட்சுகள். அவற்றில் ஒன்றை மூடாவிட்டாலும் சுற்றில் மின்னோட்டமே இல்லை.

என் நண்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டு மதிப்பெண் போடச் சொன்னேன். அமெரிக்க வங்கி ஒன்றின் பழைய புரோகிராமைப் பழுதுபார்க்கும் குழுவில் இருக்கிறான். பலவகைத் திறமை 5. முழுமை 2. "முழுப் புரோகிராமையும் நான் பார்த்ததே இல்லையடா" என்றான். முக்கியத்துவம் 5. சராசரி 4. சுதந்திரம் 3. விளைவு தெரிதல் 6. தவறு செய்தால் கம்ப்யூட்டர் உடனே முகத்தில் அறைந்தாற்போல் சொல்லிவிடும். ஆக 4 × 3 × 6 = 72.

மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான சாஃப்ட்வேரை ஒரு சிறிய குழுவாக முழுவதும் தாங்களே தயாரிக்கிறார்கள் என் மாணவியின் கம்பெனியில். அவள் போட்ட மதிப்பெண்கள் 6, 6, 6, சுதந்திரம் 5, விளைவு 5. மொத்தம் 150. ஊரார் வாயில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்: "ஐ.டி.யில் இருக்கிறார்." எண்ணோ ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு!

எங்கள் தெருத் தையற்காரரையும் கேட்டேன். 4, 7, 4, சராசரி 5. சுதந்திரம் 6, விளைவு 6. மொத்தம் 180. சட்டையைப் போட்டுப் பார்த்தவரின் முகத்திலேயே விடை தெரிந்துவிடும் என்றார். ஆனால் தீபாவளி மாதம் தவிர மற்ற மாதங்களில் கடை வாடகை கட்டவே சிரமம் என்பதையும் சொன்னார். சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

என் எண்ணையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 4, 5, 6, சராசரி 5. சுதந்திரம் 4, பாடத்திட்டம் பல்கலைக்கழகம் தருவது. விளைவு தெரிதல் 2. நான் நடத்திய பாடம் ஒரு மாணவனுக்குப் பயன்பட்டதா என்பது பத்து ஆண்டுகள் கழித்து, அதுவும் எங்கேயாவது பேருந்தில் சந்தித்தால்தான் தெரியும். 5 × 4 × 2 = 40. "நீ பிழைத்தாய்" என்ற நண்பனிடம் இந்த எண்ணைச் சொன்னேன். நம்ப மறுத்துவிட்டான்.

எச்சரிக்கை ஒன்று. 1987-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பெருக்குவதைவிட ஐந்தையும் வெறுமனே கூட்டினாலே திருப்தியோடு நன்றாகப் பொருந்துகிறது என்று கண்டார்கள். எனவே என் மின்சுற்றை மிகவும் நம்பிவிடாதீர்கள். ஐந்து கேள்விகளும் நல்ல கேள்விகள், அவ்வளவுதான்.

யாருக்குப் பொருந்தும்?

வேலையை மட்டும் அளந்தால் போதாது, ஆளையும் பார்க்கவேண்டும். டேனியல் கூகர், ராபர்ட் ஜவாக்கி என்னும் இருவர் 1970-களின் இறுதியில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஊழியர்களை ஆராய்ந்து, மற்றத் தொழிலினரோடு ஒப்பிட்டார்கள். புதிதாகக் கற்கவேண்டும், வளரவேண்டும் என்ற தேவை மற்றவர்களைவிட இவர்களிடம் மிகுதி. பிறரோடு கூடிப் பழகவேண்டும் என்ற தேவை குறைவு. அதனால் புதிதாக ஒன்றைச் செய்யும்போது உற்சாகம் கரைபுரளும்; பழையதைப் பழுதுபார்க்கும் வேலை கொடுத்தால் சோர்ந்துபோவார்கள். அந்தக் காலத்து அமெரிக்கர்களைப் பற்றிய முடிவு இது. இன்றைய சென்னைக்கோ கோவைக்கோ அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் என் நண்பன் நினைவுக்கு வந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிழை தேடும் பொறுமையும் வேண்டும். 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளில் ஒரு பெரும்பகுதி தம் புரோகிராம்களிலேயே உள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதில் கழியப்போகிறது என்று ஒருநாள் படியேறும்போது சட்டென்று உணர்ந்ததாக நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன 2017 ஆய்விலும், மகிழ்ச்சியைக் கெடுப்பவற்றில் முன்னின்றவை மூன்று: விடை கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்பது, கெடு நெருங்கும் அவசரம், பிறர் மோசமாக எழுதிவைத்த புரோகிராமோடு மாரடிப்பது. கணக்கு வராதபோது நோட்டை மூடிவிட்டு எழுந்து போகிறவரா, சாப்பாட்டை மறந்து உட்காருகிறவரா நீங்கள்? இது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று நேரம். நியூயார்க்கில் கோடையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அங்கே அலுவலகம் சுறுசுறுப்பாகும் வேளையில் இங்கே பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். பூமி உருண்டையாக இருப்பதன் விலையை யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்! வேலைப் பளு அதிகமாக இருப்பதைவிட, பளுவும் அதிகம், தீர்மானிக்கும் உரிமையும் இல்லை என்ற சேர்க்கைதான் மனிதரை வாட்டுகிறது என்று 1979-இல் ராபர்ட் கராசெக் எழுதினார். லண்டனில் 1985-இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், தம் வேலையில் தமக்குக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. அவர்கள் ஐ.டி.க்காரர்கள் அல்லர், கோப்புப் பார்த்த குமாஸ்தாக்களும் அதிகாரிகளும்.

வேலை நிலைக்குமா என்ற அச்சத்தையும் விட்டுவிட முடியாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த வாரம் என் பழைய மாணவர்கள் பலருடைய குரலில் ஒரு நடுக்கம் இருந்தது.

ஒரு தொழிலின் பெயருக்குள் எவ்வளவு வேறுபாடு ஒளிந்திருக்கும் என்பதற்கு நர்சுகளே சான்று. 2012-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், வேலையில் அதிருப்தி என்ற நர்சுகள் நெதர்லாந்தில் 100-க்கு 11 பேர். கிரீஸில் 56 பேர். படிப்பு ஒன்று, ஊசி ஒன்று. மருத்துவமனை நடத்தப்படும் விதம் வேறு.

இரண்டு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தார்கள். இவ்வளவையும் சொன்னேன். தந்தைக்கு நிம்மதி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. பையன் மட்டும் ஐந்து கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த வாரம் முழுவதும் சித்தப்பா மகன், மின்வாரியத்தில் வயர்மேனாக இருக்கும் மாமா, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்கா என்று ஏழு பேரைக் கேட்டுவிட்டான். அதிக எண் வாங்கியவர் நர்ஸ் அக்கா. ஐ.டி.யில் இருந்த மூன்று பேரின் எண்கள் 36, 80, 175. "சார், நான் 175 அண்ணா மாதிரி ஆகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டான். அந்த அண்ணா படித்தது பி.எஸ்ஸி. கணிதம் என்று தெரிந்தபோது தந்தை முதல்முறையாகச் சிரித்தார். பையன் இப்போது உள்ளூர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படிக்கிறான். மாலையில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறான். கடன் வாங்கவில்லை.

இதே சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே தொழிலில் குறைந்தது இரண்டு பேரையாவது கேளுங்கள். ஒருவர் போட்ட மதிப்பெண்ணை இன்னொருவரிடம் காட்டாதீர்கள். வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் ஒருமுறையும், விடுமுறை நாளில் ஒருமுறையும் அதே ஆளிடம் கேட்டு, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவீட்டில் உள்ள பிழை ஏறத்தாழ எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியும். வீட்டில் சமையல் செய்பவரையும் பட்டியலில் சேர்க்க மறக்கவேண்டாம்.